கேடயம்: எதைத் தடுக்கிறது, தடுத்ததை எங்கே விடுகிறது?

"ஷீல்ட் ஒன்று தாங்க" என்று கொழும்பில் கேட்டால், கையில் வருவது நீங்கள் நிற்கும் தெருவைப் பொறுத்தது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவின் இலத்திரனியல் கடையில் உள்ளங்கை அளவு சுற்றுப்பலகை ஒன்றை எடுத்து வைப்பார்கள். பஞ்சிகாவத்தையில் "எந்த வாகனத்துக்கு?" என்று கேட்டுவிட்டு, சைலன்சர் குழாய்க்கு மேல் பூட்டும் தகட்டைத் தேடுவார்கள். ஹார்ட்வெயார் கடையில் கிடைப்பது வெல்டிங் முகமூடி. பரிசுப்பொருள் கடையிலோ மரப்பலகையில் பதித்த பித்தளைத் தகடு.

சொல் ஒன்று, பொருள் பல. ஆனால் இவை இரண்டே வழிகளில் பிறந்தவை. சில பொருட்களுக்குப் பெயர் வந்தது உருவத்தால். பார்க்கக் கேடயம் போல இருக்கும், எதையும் தடுக்காது. மற்றவற்றுக்குப் பெயர் வந்தது செய்யும் வேலையால். இவை மெல்லிய தகடாகவும் இருக்கலாம், கண்ணுக்கே தெரியாத வாயுவாகவும் இருக்கலாம். இந்த இரண்டாம் வகையை விளங்கிக்கொள்ள இரண்டு கேள்விகள் போதும். இது எதைத் தடுக்கிறது? தடுக்கப்பட்டது எங்கே போகிறது? முதல் கேள்வியை எல்லோரும் கேட்பார்கள். பழுது வருவது பெரும்பாலும் இரண்டாவதைக் கேட்காமல் விட்ட இடத்தில்தான்.

உருவத்தால் வந்த பெயர்கள்

பழைய தமிழில் கேடயத்துக்குப் பல பெயர்கள் உண்டு: தோல், பலகை, கிடுகு, பரிசை, கேடகம். தோலால் செய்தது தோல். மரத்தால் செய்தது பலகை. தொல்காப்பியப் புறத்திணையியலில் மதில் முற்றுகையைச் சொல்லும் இடத்தில் வரும் 'தோல்' உடம்புத் தோல் அல்ல, வீரர் பிடித்த இந்தத் தோற்கேடயமே. கிடுகு என்றால் யாழ்ப்பாணத்தாருக்கு இன்றைக்கும் பின்னிய தென்னோலை. வேலிக்கும் கூரைக்கும் கட்டுவது. தமிழகக் கோயில்களில் சுவாமி எழுந்தருளும் சப்பரங்களில் ஒன்றுக்குப் பூங்கேடயம் என்று பெயர்.

புவியியல் பாடத்தில் வரும் 'கேடய நிலம்' எதையும் காப்பதில்லை. பெரிய மடிப்புகளோ மலையாக்கமோ இன்றி நெடுங்காலம் அசையாமல் கிடக்கும் பழம்பாறைப் பரப்பு அது. நடுவில் இலேசாக உயர்ந்து ஓரங்களில் சரிவதால், தரையில் கவிழ்த்து வைத்த வட்டக் கேடயத்தின் பெயர் வந்தது. கனடியக் கேடயமும் பால்டிக் கேடயமும் பரீட்சையில் அடிக்கடி வருபவை. நம் தீவிலும் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நிலத்தின் அடியில் கிடப்பது 54 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பிரிகேம்பிரியன் காலத்து உருமாறிய பாறைதான். யாழ்ப்பாணக் குடாநாடும் வடமேற்குக் கரையோரமும் இதில் சேரா. அவை பிற்காலத்து மயோசீன் சுண்ணக்கல்.

கேடய எரிமலையின் கதையும் இதுவே. குழம்பு நீர்த்ததாக இருந்தால் வாயருகே குவியாமல் நெடுந்தூரம் ஓடிப் படியும். மலை கூம்பாக எழாமல் சில பாகைச் சரிவோடு பரந்து கிடக்கும். ஹவாயின் மவுனா லோவா இதற்குப் பாடப்புத்தக உதாரணம். கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியின் பெயரும் கிரேக்க மொழியில் நீள்கேடயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. எக்ஸ்ரே அறையில் கழுத்துக்குக் கட்டும் ஈயப்பட்டிக்குத் 'தைரொயிட் ஷீல்ட்' என்று பெயர் வைத்தவர்கள், தெரிந்தோ தெரியாமலோ கேடயத்துக்கே கேடயம் கட்டிவிட்டார்கள்.

வானத்திலும் ஒன்று உண்டு. 1683இல் வியன்னா முற்றுகையை முறியடித்த போலந்து மன்னர் சோபியெஸ்கியின் நினைவாக, வானியலாளர் ஹெவேலியஸ் 1684இல் பெயரிட்ட சிறு விண்மீன் கூட்டம் அது. ஓகஸ்ட் மாத முன்னிரவில் நம் தலைக்கு மேலே, உச்சியிலிருந்து சற்றுத் தெற்கே நிற்கும். நகர வெளிச்சத்தில் தேடிப் பயனில்லை. அதன் மிகப் பிரகாசமான விண்மீனே நான்காம் தரத்து ஒளிதான்.

பரிசுக் கேடயமும் இந்தக் குடும்பமே. நாட்டின் பெயர் பெற்ற சுழற்கேடயங்களில் இரண்டு பாடசாலை விளையாட்டுக்குரியவை. ஒன்று ரோயல், கண்டி திரித்துவக் கல்லூரிகளின் றக்பி அணிகள் 1945 முதல் மோதும் பிராட்பி கேடயம். மற்றது ரோயல் – தோமியன் கிரிக்கெட்டின் டி. எஸ். சேனநாயக்க நினைவுக் கேடயம். பிராட்பியில் கொழும்பில் ஓர் ஆட்டம், கண்டியில் ஓர் ஆட்டம். இரண்டின் புள்ளிகளையும் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானிப்பார்கள்.

சங்கத்துக்கோ பாடசாலைக்கோ சுழற்கேடயம் செய்யக் கொடுப்பவர்கள் முதலில் கணக்கிட வேண்டியது சிறு தகடுகளின் எண்ணிக்கை. மூன்று வயதுப் பிரிவுகள், பத்து ஆண்டுகள் என்றால் 30 தகடுகளுக்கு இடம் வேண்டும். நடுவில் பெரிய சின்னத்தைப் போட்டு அழகு பார்த்தால் நான்காம் ஆண்டிலேயே இடம் தீர்ந்துவிடும். தகடுகளை ஒட்டாமல் சிறு திருகாணியால் பூட்டச் சொல்லுங்கள். இருபக்க ஒட்டுநாடா நம் ஈரக்காற்றில் ஓரிரு ஆண்டில் விட்டுவிடும்.

அடுத்த சிக்கல் எழுத்து. யூனிகோடில் தட்டிய தமிழைப் பழைய வரைகலை மென்பொருளில் ஒட்டினால் ெ, ே, ை ஆகிய குறிகள் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். 'கேடயம்' என்ற சொல்லே 'க'வும், அதன் பின் புள்ளி வட்டத்தோடு ஒரு கொம்பும், பிறகு 'டயம்' என்றுமாக உடைந்து வரும். பாமினி எழுத்துருவில் தட்டியதை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். எனவே எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றிய பிடிஎப் கோப்பை அனுப்புங்கள். வெட்டுமுன் மாதிரியைப் படமாகப் பெற்று, தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். பித்தளையில் வெட்டிய பிழைக்கு அழிப்பான் கிடையாது.

கேபிளுக்குள் இருக்கும் கேடயம்

வேலையால் பெயர் பெற்றவற்றில் வீட்டுக்கு வீடு இருப்பது டிஷ் அன்டெனாவிலிருந்து வரும் கறுப்புக் கேபிள். கடைகளில் ஆர்ஜி-6 என்பார்கள். குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் சுமார் 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள கம்பி, அதைச் சுற்றி வெள்ளை நுரைப் பிளாஸ்டிக், அதன்மேல் அலுமினியத் தாள், அதற்கும் மேல் மெல்லிய கம்பிகளால் பின்னிய வலை, வெளியே கறுப்புத் தோல். தாளும் வலையும் சேர்ந்ததுதான் கேடயம். தாள் இடைவெளி விடாமல் மூடும், ஆனால் வளைந்தால் கிழியும். வலை வளைந்து கொடுக்கும், ஆனால் கண்ணிகளுக்கிடையே இடைவெளி விடும். ஒன்றின் குறையை மற்றது ஈடு செய்வதால் இரண்டையும் போடுகிறார்கள்.

வெளியிலிருந்து வரும் மின்காந்த அலை இந்த உலோகத்தில் பட்டதும் அதில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். அந்த ஓட்டம் வந்த அலைக்கு எதிரான புலத்தை எழுப்பும். உள்ளே இருக்கும் கம்பிக்குப் போய்ச் சேருவது மிகச் சொற்பம். ஆனால் கேடயத்தில் உண்டான ஓட்டத்துக்கு ஒரு வழி வேண்டும். அந்த வழியைத் தருவது கேபிளின் நுனியில் பூட்டும் உலோக இணைப்பி. இணைப்பியைச் சரியாகப் பூட்டாத கேபிள் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் வேலை செய்யாது.

பூட்டும் முறை: வெளித்தோலை நுனியிலிருந்து 12 மில்லிமீற்றர் அளவுக்கு உரித்து, வலையைத் தோலின்மேல் பின்பக்கமாக மடியுங்கள். வெள்ளை நுரையில் 6 மில்லிமீற்றரை விட்டு மிச்சத்தை வெட்டினால் நடுக்கம்பி 6 மில்லிமீற்றர் வெளியே நிற்கும். இணைப்பியைத் தள்ளும்போது வெள்ளை நுரை அதன் உள்தளத்தோடு மட்டமாக வந்து நிற்க வேண்டும். முன்னால் பார்த்தால் நடுக்கம்பி நட்டின் விளிம்பைத் தாண்டி 2 அல்லது 3 மில்லிமீற்றர் தெரியும். இதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்றே ஒன்று: வலையிலிருந்து மயிரிழை போன்ற ஒரு கம்பி தப்பி நடுக்கம்பியைத் தொட்டுவிடும். படம் முழுதாக நின்றுவிடும். பெட்டியைக் குறை சொல்லி மாற்றுபவர்களும் உண்டு. முதலில் இணைப்பியைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று பட்டு வலை வெள்ளைப் பொடியாக உதிர்வதும் வழக்கம். கூரையிலிருந்து வரும் கேபிளைச் சுவருக்குள் விடுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால், மழைநீர் இணைப்பிக்குள் போகாமல் அந்த வளைவில் சொட்டிவிடும்.

கோயிலிலோ மண்டபத்திலோ ஒலிபெருக்கி போடுபவர்களுக்குக் கேடயத்தின் வேறொரு குணம் தெரிந்திருக்கும். மைக் கேபிளில் இரண்டு கம்பிகள் முறுக்கி ஓடும், மூன்றாவதாக கேடயம். மூன்று ஊசி இணைப்பியில் முதலாம் ஊசி கேடயத்துக்குரியது. இவ்வளவு இருந்தும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓயாமல் ஓர் இரைச்சல் வரும். கேடயம் போதவில்லை என்று தடித்த கேபிள் வாங்கப் போவார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. மிக்ஸர் மண்டபத்தின் பின்பக்கப் பிளக்கில், அம்ப்ளிஃபயர் மேடையோரப் பிளக்கில். இரண்டு இடத்து நிலத்தொடுப்புக்கும் இடையில் சிறு மின்னழுத்த வேறுபாடு இருக்கும். இரண்டையும் இணைப்பது கேபிளின் கேடயம். வெளி இரைச்சலை வாங்கிக் கழிக்க வேண்டிய கேடயமே 50 ஹேர்ட்ஸ் மின்னோட்டம் ஓடும் பாதையாகிவிடுகிறது.

தீர்வு எளிது. இரண்டு கருவிகளுக்கும் ஒரே பிளக்கிலிருந்து மின் எடுங்கள். முடியாவிட்டால் மிக்ஸருக்கும் அம்ப்ளிஃபயருக்கும் இடையிலுள்ள சமநிலைக் கேபிளில் (முறுக்கிய இரண்டு கம்பிகளும் கேடயமும் உள்ளது), அம்ப்ளிஃபயர் பக்கத்தில் மட்டும் முதலாம் ஊசியின் இணைப்பைக் கழற்றலாம்; இரைச்சலின் சுற்று அறுந்துவிடும். மைக் கேபிளில் இதைச் செய்யாதீர்கள், 48 வோல்ட் கேட்கும் மைக் செத்துவிடும். பிளக்கின் நில ஊசியை வெட்டுவது என்று ஒரு பழக்கம் உண்டு. இரைச்சல் நிற்பது உண்மை. ஆனால் கருவிக்குள் ஒரு வயர் கழன்று உறையைத் தொட்டால், அடுத்து மைக்கைப் பிடிப்பவர் உடம்புதான் நிலத்தொடுப்பு.

50 ஹேர்ட்ஸ் காந்தப்புலத்தை மெல்லிய செப்புத்தாள் தடுக்காது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அலை உலோகத்துக்குள் எவ்வளவு ஆழம் புகும் என்பது அதன் அதிர்வெண்ணைப் பொறுத்தது. செம்பில் 50 ஹேர்ட்ஸுக்கு அந்த ஆழம் 9 மில்லிமீற்றருக்கு மேல். 100 மெகாஹேர்ட்ஸுக்கோ ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஏழு பங்குகூட இல்லை. வானொலி அலைக்குத் தாளே மதில். மின்வயரின் காந்தப்புலத்துக்கு அது திறந்த வாசல். அதனால்தான் உள்ளே இரண்டு கம்பிகளை முறுக்குகிறார்கள்: இரண்டிலும் இரைச்சல் ஒரே அளவாக ஏறும், மறுமுனையில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இல்லாமல் போகும். மின்வயரும் மைக் கேபிளும் அருகருகே ஓடக் கூடாது. கடக்க வேண்டி வந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

அலுவலகங்களுக்கு ஒரு குறிப்பு. கேடயமுள்ள லேன் கேபிளை வாங்கிச் சாதாரணப் பிளாஸ்டிக் பிளக்கில் முடித்தால் கொடுத்த கூடுதல் காசு வீண். எங்கும் தொடாமல் மிதக்கும் கேடயம் அன்டெனாவாக மாறி இரைச்சலைச் சேர்த்துக் கொடுக்கவும் கூடும். உலோக உறையுள்ள பிளக், உலோக உறையுள்ள சொக்கெட், நிலத்தொடுப்புள்ள ரக் இவை மூன்றும் இருந்தால் மட்டும் அதை வாங்குங்கள்.

மைக்ரோவேவ் அடுப்பின் கதவும் இதே கணக்கு. அதன் அலைநீளம் சுமார் 12 சென்ரிமீற்றர். கதவு வலையின் துளைகள் ஓரிரு மில்லிமீற்றர். அலை தப்பாது, கண்ணுக்குத் தெரியும் ஒளி தப்பும். அடுப்பை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டு, கைபேசியை உள்ளே வைத்து அழைத்துப் பார்ப்பவர்கள் மணி அடித்தால் பயந்துபோகிறார்கள். கைபேசி மிக நலிந்த அலையையும் பிடிக்கும் கருவி, அதனால் அந்தச் சோதனை கசிவை அளக்காது. பார்க்க வேண்டியவை கதவின் பிணைச்சலும் விளிம்பும். கதவு கோணினால், விளிம்பில் துரு ஏறினால் அடுப்பை மாற்றுங்கள். துளையைவிட நீண்ட பிளவுதான் ஆபத்து. அகலம் எவ்வளவு சிறியதாயினும் நீளம் அலைநீளத்தின் பாதியை நெருங்கினால் பிளவே அன்டெனாவாகிவிடும்.

வெப்பமும் காற்றும்

வாகனத்தின் வெப்பக் கேடயம் ஒரு மெல்லிய தகடு, அவ்வளவே. அதன் வேலையில் பாதியைச் செய்வது தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் உள்ள காற்றிடைவெளி. பளபளப்பான பக்கம் வெப்பக் கதிரைத் திருப்பும். இடைவெளி வழியே ஓடும் காற்று மிச்சச் சூட்டை வெளியே கொண்டுபோகும். தகடு நசுங்கிக் குழாயைத் தொட்டால் அது கேடயமாக இராது, சூட்டைக் கடத்தும் பாலமாகிவிடும். வண்டி நிற்கும்போது அடியில் கடகடவென்று தகரச் சத்தம் வந்தால் பெரும்பாலும் துருவேறிய திருகாணியிலிருந்து இந்தத் தகடு கழன்றிருக்கும். "கழற்றி எறிந்துவிடுங்கள்" என்று கராஜில் சொல்வதைக் கேட்காதீர்கள். மேலே எரிபொருள் குழாயோ வயரிங்கோ தரைவிரிப்போ இருக்கும். துருவால் துளை பெருத்திருந்தால் அகன்ற வாஷர் போட்டு முறுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் துருப்பிடிக்காத உருக்குக் கிளிப்பால் இடைவெளி விட்டுக் கட்டலாம்.

வெல்டிங்கில் இரண்டு கேடயங்கள். கண்ணுக்குப் பிடிக்கும் கறுப்புக் கண்ணாடிக்கு எண் உண்டு: 100 அம்பியர் அளவுக்கு 10ஆம் எண், 200ஐ நெருங்கினால் 11 அல்லது 12. வெயில் கண்ணாடி இதற்கு ஈடாகாது. புறஊதாக்கதிர் கண்ணைச் சுட்டது உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடு இரவில், கண்ணுக்குள் மணல் போட்டது போல் எரியும். வேலை செய்பவருக்கு முகமூடி இருக்கும், பக்கத்தில் கம்பியைப் பிடித்து நிற்கும் பையனுக்கு இராது. இந்தக் காயம் அதிகம் வருவது அவனுக்குத்தான்.

இரண்டாவது கேடயம் வாயு. சீஓடூ வெல்டிங் என்று சொல்லப்படும் முறையில் உருகிய இரும்பைச் சுற்றிக் காபனீரொட்சைட்டோ ஆகன் கலவையோ பாய்ந்து காற்றை விலக்கி வைக்கும். காற்றிலுள்ள ஒட்சிசனும் நைதரசனும் உருகிய இரும்பில் புகுந்தால், ஆறும்போது குமிழாகி ஒட்டு முழுவதும் ஊசித்துளைகள் விழும். சாதாரண வேலைக்கு நிமிடத்துக்கு 10 முதல் 15 லீற்றர் போதும். துளை விழுந்தால் பலர் உடனே வாயுவைக் கூட்டுகிறார்கள். 25 லீற்றர் போன்ற அளவுக்குப் போனால் வாயு நேராகப் பாயாமல் சுழன்று, வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடும். துளை இன்னும் கூடும். முதலில் நொசிலில் ஒட்டிய தெறிப்பைச் சுரண்டுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். கடற்கரைப் பக்கம் வெளியில் கேற் ஒட்டும்போது மணிக்கு 8 கிலோமீற்றர் காற்றே இந்த வாயுவைக் கலைக்கப் போதுமானது. வெளிவேலைக்கு இன்றும் பூச்சுள்ள வெல்டிங் குச்சியே நிலைப்பதற்குக் காரணம், அந்தப் பூச்சு எரிந்து தனக்கு வேண்டிய வாயுவையும் கசட்டையும் அந்த இடத்திலேயே உண்டாக்கிக்கொள்வதுதான். ஆகன் காற்றைவிடக் கனமானது. தாங்கிக்குள்ளோ குழிக்குள்ளோ வேலை செய்தால் ஒட்டைக் காக்கும் வாயு அடியில் தேங்கி ஆளின் மூச்சை அடைக்கும்.

கதிருக்கு எதிரே

கதிர்வீச்சுக்கு ஈயம் என்பது பாதி உண்மை. அல்பாத் துகளை ஒரு தாள் நிறுத்தும். பீட்டாவுக்கு முதலில் வைக்க வேண்டியது அக்ரிலிக் போன்ற இலேசான பிளாஸ்டிக். நேராக ஈயத்தை வைத்தால் துகள் திடீரென்று நின்று அந்த இடத்திலேயே எக்ஸ் கதிரை உண்டாக்கும். நியூத்திரனுக்கு ஐதரசன் நிறைந்த நீர், பொலித்தீன், மெழுகு. ஈயம் தன் பெயரைக் காப்பாற்றுவது எக்ஸ் கதிரிலும் காமாவிலும்.

காமாவை எந்தத் தடிப்பும் முழுக்க நிறுத்தாது. பாதி பாதியாகக் குறைக்கும். கோபால்ட்-60இன் கதிரைப் பாதியாக்க ஏறக்குறைய 12 மில்லிமீற்றர் ஈயம் வேண்டும். அதே தடிப்பு இன்னொன்று வைத்தால் கால், இன்னொன்று வைத்தால் அரைக்கால். பத்துத் தடிப்புக்குப் பிறகு ஆயிரத்தில் ஒரு பங்கு. எக்ஸ்ரே அறையில் பணியாளர் அணியும் மேலங்கி இதற்கு ஈடல்ல. அதன் ஈயச் சமானம் 0.25 முதல் 0.5 மில்லிமீற்றர், நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறும் நலிந்த கதிருக்காகச் செய்தது. அந்த அங்கியை நாற்காலிமேல் மடித்துப் போடுவது எங்கும் காணும் பழக்கம். மடிப்பில் ஈயத்தாள் வெடிக்கும், வெளித்துணி அப்படியே இருக்கும். வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. அகன்ற கொழுவியில் தொங்கவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை எக்ஸ்ரேயிலேயே வைத்துப் பார்க்க வேண்டும்.

நோயாளியின் இடுப்பில் ஈயத்துண்டு வைக்கும் வழக்கம் மட்டும் இப்போது குறைந்து வருகிறது. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019இல் அதை வழமையாகச் செய்ய வேண்டாம் என்று அறிவித்தது. நவீன கருவி படம் போதிய வெளிச்சம் பெறும்வரை கதிரைத் தானே கூட்டிக்கொள்ளும். ஈயத்துண்டு, கதிரை அளக்கும் உணரியின் குறுக்கே வந்தால், "போதவில்லை" என்று நினைத்துக் கருவி மேலும் பாய்ச்சும். வைத்தியசாலையில் ஈயம் வைக்கவில்லை என்று சண்டை பிடிக்குமுன் இது தெரிந்திருப்பது நல்லது.

காக்காத ஷீல்டும் கண்ணுக்குத் தெரியாத கேடயமும்

முதலாம் குறுக்குத்தெருவின் சுற்றுப்பலகைக்கு வருவோம். ஆடுயினோ என்ற சிறு கணினிப் பலகையின்மேல் அப்படியே செருகும் துணைப்பலகைக்கு ஷீல்ட் என்று பெயர். மோட்டார் ஓட்ட ஒன்று, வலையமைப்புக்கு ஒன்று. எதையும் தடுக்காது, மேலே கவிழ்ந்து மூடுவதோடு சரி. மாணவர்கள் விழும் குழி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம் என்று கேட்டுவிட்டு இரண்டையும் சேர்த்து வாங்குவது. அதிகாரபூர்வ மோட்டார் ஷீல்ட் 3, 8, 9, 11, 12, 13 ஆகிய ஊசிகளைப் பிடித்துக்கொள்ளும். ஈதர்நெட் ஷீல்டுக்கு 10, 11, 12, 13 வேண்டும். மூன்று ஊசிகளில் மோதல். அடுக்கினால் பூட்டும், வேலை செய்யாது. வாங்குமுன் இரண்டின் ஊசி எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சொந்தமாக ஷீல்ட் செய்பவர்கள் 7க்கும் 8க்கும் இடையில் ஊசி இடைவெளி மற்ற இடங்களைவிடக் கூடுதல் என்பதையும் கவனிக்க வேண்டும். சாதாரணத் துளைப்பலகை அதனால்தான் பொருந்துவதில்லை.

கணக்கியல் படிப்பவர்களுக்கு வரிக் கேடயம். நிறுவனம் ஆண்டுக்கு 10 இலட்சம் ரூபா வட்டி கட்டுகிறது, வரி வீதம் 30 சதவீதம் என்றால், வட்டியைச் செலவாகக் கழிப்பதால் 3 இலட்சம் ரூபா வரி குறையும். அந்த 3 இலட்சமே கேடயம். 10 இலட்சம் என்று எழுதிப் புள்ளியை இழப்பவர்கள் பலர். இலாபமே இல்லாத ஆண்டில் கழிக்க எதுவும் இராது, கேடயமும் அந்த ஆண்டில் இல்லை. தேய்மானத்துக்குக் கணக்குப் புத்தகத்துத் தொகையை எடுக்கக் கூடாது; வரிச்சட்டம் அனுமதிக்கும் மூலதனக் கழிவையே எடுக்க வேண்டும்.

கடைசியாக, நம் செய்திகளில் 2009க்குப் பின் அதிகம் அடிபட்ட சொல்: மனிதக் கேடயம். தாக்குதலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளப் பொதுமக்களைப் படையிலக்குகளின் முன்னே நிறுத்துவதையும் அதற்காக அவர்களை அந்த இடத்திலேயே பிடித்து வைப்பதையும் அது குறிக்கும். 1949இன் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை 28ஆம் உறுப்புரையில் இதைத் தடுக்கிறது. 1977இன் முதலாம் மேலதிக நெறிமுறை 51ஆம் உறுப்புரையில் மீண்டும் தடுக்கிறது. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு 2005இல் வெளியிட்ட வழமைச் சட்டத் தொகுப்பில் இது 97ஆம் விதி. உள்நாட்டுப் போருக்கும் பொருந்தும் என்று அது சொல்கிறது. விவாதங்களில் விடுபடுவது அதே 51ஆம் உறுப்புரையின் எட்டாம் பந்தி. ஒரு தரப்பு இந்தத் தடையை மீறினாலும், பொதுமக்கள் குறித்த தன் கடமையிலிருந்து மறுதரப்புக்கு விடுதலை கிடையாது. 2011இல் வெளியான ஐ.நா. பொதுச்செயலாளரின் நிபுணர் குழு அறிக்கையும் இதே வழியில் சென்றது: மக்களை இடைத்தடுப்பாக வைத்திருந்ததாகப் புலிகள் மீதும், பரவலான எறிகணை வீச்சால் மக்களைக் கொன்றதாக அரசு மீதும், தனித்தனித் தலைப்பில் குற்றச்சாட்டுகளை வகுத்தது.